நபீசா கேட்ட சின்ன சந்தூக்கு

எங்கள் பட்டறைக்குப் புதிதாக ஒரு மெசின் வந்திருக்கிறது. கணினியில் படத்தைக் கீறிக் கொடுத்தால் போதும், தானே பலகையை அறுத்து, துளைத்து, பூவேலையும் செய்து தள்ளிவிடுகிறது. போன மாதம் என்னைக் கூப்பிட்டுக் காட்டினார்கள். முழங்கால் வலியோடு போய், அரை மணித்தியாலம் பார்த்துக்கொண்டு நின்றேன். நல்ல மெசின். முப்பத்தாறு வருடம் குனிந்து நின்று அறுத்தவனைக் கேட்டால், இதை முன்னமே கொண்டு வந்திருக்கலாமே என்றுதான் சொல்வேன். நான் பெருமூச்சு விட்டுப் புலம்புவேன் என்று காத்திருந்தவர்களுக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான்.

பட்டறையின் இணையப் பக்கத்தைப் பார்த்துக்கொள்ளும் ரிஸ்னாதான் பேச்சைத் தொடங்கினாள்.

"மாமா, இப்ப பழைய பலகையில செய்ற சின்னப் பெட்டிக்குத்தான் ஆக்கள் அலையிற. உடைஞ்ச தோணி, பழைய கதவு, என்னண்டாலும் சரி. நீங்க செஞ்சதில உங்களுக்கு மறக்கேலாத வேல எது? எழுதித் தாங்க, படத்தோட போடுவம்."

பள்ளிவாசலுக்குச் செய்த மிம்பர் மேடையையோ, டொக்டர் வீட்டு மாடிப்படியையோ சொல்வேன் என்று நினைத்திருப்பாள். ஒரு முழம் நீளத்தில் செய்த பெட்டி ஒன்று என்றேன். படம் இருக்கிறதா என்று கேட்டாள். இல்லை என்றேன். அவளுடைய முகம் வாடிப்போனது. அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

நான் தொழில் பழகியது காரைதீவில், சீனித்தம்பி ஓடாவியாரிடம். எங்கள் பக்கத்தில் தச்சரை ஓடாவி என்றுதான் சொல்வோம். மூன்று வருடத்தில் வாள் தீட்டவும் சீவுளி பிடிக்கவும் வாயை மூடிக்கொண்டு இருக்கவும் கற்றேன். பிறகு சாய்ந்தமருதில் இந்தத் தளபாடப் பட்டறையில் சேர்ந்தேன். ஓய்வு பெறும் வரைக்கும் வேறெங்கும் போகவில்லை. நான் பழகிய காலத்தைப் பற்றி இதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை. சொல்ல வேண்டியது சுபைதா ராத்தாவைப் பற்றி.

பட்டறையைத் தொடங்கிய முதலாளி திடீரென்று மவுத்தானபோது, பட்டறையைப் பூட்டிவிடுவார்கள் என்றுதான் வேலை செய்த நாங்கள் நாலு பேரும் நினைத்தோம். அவருடைய மனைவி சுபைதா ராத்தா கணவனை இழந்த பெண்ணுக்குரிய முறைப்படி நாலு மாதமும் பத்து நாளும் இத்தா இருந்தார். அந்த நாட்களில் வெளி ஆண்களுக்கு முன் வரக்கூடாது. ஆனாலும் வீட்டுக்கும் பட்டறைக்கும் இடையிலிருந்த கதவில் ஒரு திரையைத் தொங்கவிட்டு, அதற்குப் பின்னாலிருந்தே வேலையை நடத்தினார். இத்தா முடிந்த அடுத்த நாள் வாசலருகே ஒரு கதிரையைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். அந்தக் கதிரையில் இருபது வருடத்துக்கு மேல் இருந்தார்.

வாழ்க்கையில் ஒரு தரமும் அவர் சீவுளியைப் பிடித்ததில்லை. ஆனால் வேலை முடிந்த அலுமாரியைக் காட்டினால் முன்பக்கத்தைப் பார்க்கவே மாட்டார். லாச்சியை இழுத்து, கையை உள்ளே விட்டு, அடிப்பக்கத்தைத் தடவுவார். சிராம்பு குத்தினால் கையை எடுத்து எங்களிடம் நீட்டுவார், அவ்வளவுதான். மறு பேச்சில்லை. ஆட்களுக்கு முன்னால் எவரையும் ஏசியதில்லை. பிழை ஏதும் நடந்திருந்தால் மெதுவாகக் கேட்பார்:

"தேத்தண்ணி குடிச்சிட்டீங்களா?"

கேட்டுவிட்டுத் தேநீர்க் கோப்பையை நீட்டுவார். அந்தத் தேநீரைக் குடித்து முடிக்கும் வரைக்கும் ஒன்றும் சொல்ல மாட்டார். எத்தனையோ தரம் அந்தக் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு, இது முடியவே கூடாது என்று துஆக் கேட்டிருக்கிறேன்.

அவர் போட்ட சட்டங்கள் இரண்டு. முதலாவது, ஓடர் எடுத்தால் திருப்பிச் சொல்ல வேண்டும். ஒரு முறை நிந்தவூர் மாப்பிள்ளை வீட்டுக்குச் செய்த கட்டில் வீட்டுக் கதவால் போகவில்லை. ஜன்னலைக் கழற்றித்தான் உள்ளே ஏற்றினோம். கல்யாண வீட்டு ஆட்கள் முழுப்பேரும் நின்று வேடிக்கை பார்த்தார்கள். அன்றிலிருந்து யார் என்ன கேட்டாலும், அதைக் கொப்பியில் எழுதி, அவர்களுக்கே வாசித்துக் காட்ட வேண்டும். என்ன பொருள், என்ன அளவு, எதற்கு. இந்த மூன்றாவதைத்தான் அவர் விடவே மாட்டார். "எதுக்கெண்டு தெரியாம எப்பிடிச் செய்ற?" என்பார்.

இரண்டாவது, அரபு எழுத்துள்ள பலகை வந்தால், அதைச் சீவிய சீவலைத் தனியாக எடுத்து வைக்க வேண்டும். மற்றச் சீவல் எல்லாம் சாக்கில் போகும். பின்னேரம் பாண் சுடும் போறணைக்காரர் வந்து அடுப்பெரிக்க எடுத்துக்கொண்டு போவார். எழுத்துள்ள சீவலுக்கு மட்டும் சுவரில் ஒரு துணிப்பை தொங்கும். அது நிறைந்தால் கொண்டுபோய்க் கடலில் விடுவோம். குர்ஆன் எழுத்து நெருப்பில் போகக்கூடாது, காலில் படக்கூடாது என்பது எங்கள் வழக்கம். அந்தப் பையில் பாதியும் பழைய கடைப் பெயர்ப் பலகைதானே என்று நான் முணுமுணுத்ததுண்டு. முணுமுணுத்தாலும் கை தன்பாட்டில் போட்டுவிடும்.

இனி நபீசாவின் கதை. ஏழெட்டு வருடத்துக்கு முந்தியது. ஒரு காலைப்பொழுது பட்டறைத் தொலைபேசி அடித்தது. நான்தான் எடுத்தேன்.

"ஹனிபா காக்காவா? நான் கயித்துக்கட மீராசாட மகள் நபீசா கதைக்கிறன்."

மீராசாவை எங்கள் ஊரில் தெரியாதவர்கள் இல்லை. கடற்கரைப் பக்கம் கயிறும் தூண்டிலும் வலைநூலும் விற்ற மனிதர். முந்திய வருடம்தான் மவுத்தானார். நபீசா பதினொரு வருடம் குவைத்தில் வீட்டு வேலை செய்தவள். வாப்பா மவுத்தானபோது வர முடியவில்லை. மையித்தின் முகம்கூடப் பார்க்கவில்லை. ஊருக்கு வந்து இரண்டு கிழமைதான் ஆகியிருந்தது. அவளுடைய மகள் பிள்ளைப்பேற்றுக்காக ஆஸ்பத்திரியில் பத்து நாளாகக் கிடக்கிறாள், கொஞ்சம் கஷ்டமாம் என்று ஊருக்குள் கதை. இவ்வளவும் எனக்குத் தெரியும். தெரிந்ததுதான் பிழையாகப் போனது.

"வாப்பாட கடைப் பலகை ஒண்டு கெடச்சிரிக்கி காக்கா. சாச்சிட ஊட்டுக் கோழிக்கூட்டில இருந்திச்சி. அதில எனக்கு ஒரு சின்ன சந்தூக்கு செஞ்சி தரணும்."

எங்கள் ஊரில் சந்தூக்கு என்றால் ஒன்றே ஒன்றுதான். மையித்தை வைத்துத் தூக்கிக்கொண்டு போகும் பெட்டி. அது பள்ளிவாசலின் சொத்து. ஒருவரை அடக்கிவிட்டு அடுத்தவருக்காகத் திரும்பி வரும். பள்ளிவாசல்களுக்கு நானே இரண்டு செய்து கொடுத்திருக்கிறேன்.

"சின்னதா தங்கச்சி?" என்றேன்.

"ஓம். ஒரு முழம் போதும்."

ஒரு முழம். ஆஸ்பத்திரியில் மகள். நான் வேறென்ன நினைப்பேன்? கைக்குழந்தை மவுத்தானால் கையில் ஏந்திக்கொண்டுதான் போவோம், சந்தூக்கில் வைப்பதில்லை. அதுவும் மனதில் ஓடியது. பதினொரு வருடம் அரபு நாட்டில் இருந்தவள், அங்கே அப்படி வழக்கமாக்கும் என்று நானே அதற்கொரு பதிலும் சொல்லிக்கொண்டேன்.

"வாப்பாட கை பட்ட பலகை காக்கா. கவனமாச் செய்ங்க." அவளுடைய குரல் உடைந்தது.

"அல்லாஹ் பொறுமையத் தருவான் தங்கச்சி."

"ஆமீன்" என்றாள்.

நான் தொலைபேசியை வைத்துவிட்டேன். திருப்பிச் சொல்லவில்லை. எதற்கு என்று கேட்கவில்லை. அந்த நேரத்தில் ஒரு தாயிடம் அதை எந்த வாயால் கேட்பது? கொப்பியில் 'சந்தூக்கு, சிறிது, ஒரு முழம்' என்று மட்டும் எழுதினேன்.

ஒரு மணித்தியாலத்தில் பலகை முச்சக்கர வண்டியில் வந்து இறங்கியது. ஆறடி நீளம், ஒன்பது அங்குல அகலம், ஒரு அங்குலத் தடிப்பு. பழைய கடைகளுக்கு இப்போதுள்ளது போல இரும்புக் கதவு கிடையாது. இப்படியான பலகைகளை வரிசையாகத் தவாளிப்பில் இறக்கித்தான் பூட்டுவார்கள். எந்தப் பலகை முதலில், எது அடுத்தது என்று ஒவ்வொன்றிலும் இலக்கம் இருக்கும். கோழி எச்சமும் புகையும் படிந்து பலகை கறுத்துப்போயிருந்தது. நகத்தால் சுரண்டி மோந்து பார்த்தேன். நல்ல தேக்கு.

பழைய பலகையில் கை வைக்கமுன் செய்ய வேண்டியவை சில உண்டு. ரிஸ்னா, இதை உன் பக்கத்தில் போடலாம். முதலில் உலர்ந்த தூரிகையால் மண்ணைத் தட்ட வேண்டும், தண்ணீர் படக்கூடாது. பிறகு காந்தத்தை ஓரமாக இழுத்துக்கொண்டு போனால், உள்ளே முறிந்து கிடக்கும் ஆணி இருக்குமிடத்தில் அது கையைப் பிடித்து இழுக்கும். ஓர் ஆணியை விட்டாலும் சீவுளியின் அலகு போய்விடும். அதன் பிறகு சுத்தியல் பிடியால் தட்டிக் கேட்க வேண்டும். சத்தம் அடைத்தால் உள்ளே செல் அரித்திருக்கிறது. எல்லாவற்றுக்கும் கடைசியாகத்தான் சீவுளி.

நான் எல்லாவற்றையும் முறையாகச் செய்தேன். ஒன்பது ஆணி எடுத்தேன். மேல்நுனிப் பக்கம் அழுக்குக்குக் கீழே தாரால் எழுதிய அரபு எழுத்துத் தெரிந்தது. கடைப் பலகையின் இலக்கமாக்கும் என்று நினைத்தேன். வாசிக்கவில்லை. சந்தூக்கில் எழுத்தும் வேண்டாம், பூவேலையும் வேண்டாம். அது வெறுமையாக இருப்பதுதான் அழகு. பிஸ்மில்லாஹ் சொல்லி, சீவுளியை வைத்து இழுத்தேன். ஐந்தாறு இழுவையில் எழுத்துப் போய், அடியிலிருந்து பொன்னிறத் தேக்கு வந்தது. இவ்வளவு பரிசுத்தமாகப் பலகையைச் சீவியதில்லை என்று எனக்கு ஒரு திருப்தி. எழுத்துள்ள சீவலைப் பொறுக்கித் துணிப்பையில் போட்டேன். பிறகு பலகையை மூன்றாக அறுத்தேன்.

அஸர் தொழுகைக்குப் பிறகு சுபைதா ராத்தா வெளியிலிருந்து வந்து, வழக்கம்போலக் கொப்பியைத் திறந்தார்.

"இதென்ன ஹனிபா, சின்ன சந்தூக்கு? ஆருக்கு?"

நான் குரலைத் தாழ்த்தினேன். "நபீசாட மகள்ற புள்ளைக்குப் போல ராத்தா."

ராத்தா என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"நான் இப்ப அந்தப் புள்ளையப் பாத்துட்டுத்தான் வாறன். நேத்துப் பொறந்திச்சி. ஆம்புளப் புள்ள. மாஷா அல்லாஹ், ஊரக் கூப்புடுற மாதிரிக் கத்துது."

எனக்கு உயிர் வந்தது. அப்படியானால் சந்தூக்கு எதற்கு?

"போன எடுங்க. எடுத்துத் திருப்பிச் சொல்லுங்க" என்றார் ராத்தா.

எடுத்தேன். "சின்ன சந்தூக்கு ஒண்டு, ஒரு முழம், என்னத்துக்கு தங்கச்சி?" என்று கேட்டேன். நபீசா சிரித்த சிரிப்பு பட்டறை முழுக்கக் கேட்டது.

"அல்லாஹ்வே! பெட்டி காக்கா, பெட்டி! குவைத்தில பெட்டிக்கு சந்தூக்கு எண்டுதான் சொல்ற. பதினொரு வருஷமா அந்த ஊட்டுச் சாமானெல்லாம் சந்தூக்கு சந்தூக்கெண்டு அடுக்கி வாயில ஊறிப்போச்சு. என்ட பேரனுக்கா நினைச்சீங்க? அஸ்தஃபிருல்லாஹ்!"

நானும் சிரித்தேன். தொலைபேசிக்குக் காதைக் கொடுத்து நின்ற சுபைதா ராத்தாவும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். சிரித்துக்கொண்டே நபீசா சொன்னாள்:

"வாப்பாட எழுத்து மூடியில வரணும் காக்கா. அதுக்குத்தான் இவ்வளவும். அவர்ட கையெழுத்தெண்டு உலகத்தில அது ஒண்டுதான் மிச்சம்."

என் சிரிப்பு எங்கே போனது என்று தெரியவில்லை. ஏதோ சொல்லித் தொலைபேசியை வைத்தேன். சுபைதா ராத்தா என் முகத்தைப் பார்த்தார். பிறகு மேசையில் மூன்று துண்டாகக் கிடந்த பொன்னிறப் பலகையைப் பார்த்தார்.

"தேத்தண்ணி குடிச்சிட்டீங்களா?" என்றார்.

நான் குடித்து முடித்ததும் ராத்தா ஒன்றே ஒன்றுதான் கேட்டார். "சீவல் எங்க?" சாக்கு வெறுமையாகக் கிடந்தது, போறணைக்காரர் வந்து போய்விட்டார். நான் சுவரைப் பார்த்தேன். துணிப்பை தொங்கிக்கொண்டிருந்தது. வருடக்கணக்காக முணுமுணுத்துக்கொண்டே நான் நிரப்பிய பை. அதற்கு முன்னும் பின்னும் எந்தத் துணியையும் பார்த்து நான் அல்ஹம்துலில்லாஹ் சொன்னதில்லை.

"ஒட்டிப் பாக்கலாம் ராத்தா. அவக்கிட்டச் சொல்லாமலே செஞ்சிரலாம்" என்றேன்.

"சொல்லாமச் செஞ்சா அது ஏமாத்து. பிழைய அவ கண்டுபிடிக்க முந்தி நாம சொல்லணும். நாளைக்குப் போங்க. நீங்கதான் போகணும்."

அடுத்த நாள் காலை பையைக் கையில் பிடித்துக்கொண்டு போனேன். நபீசா பேரனுக்குத் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். எல்லாவற்றையும் நின்றபடியே சொல்லி முடித்தேன். அவள் கையிலிருந்த துணியை மடித்தாள், பிரித்தாள், திரும்பவும் மடித்தாள்.

"வாப்பாவுக்குத் தமிழெழுத்துத் தெரியாது காக்கா" என்றாள் கடைசியில். "ஓதப் போன இடத்தில படிச்ச அரபு எழுத்துத்தான். ஒண்டு, ரெண்டு எண்டு அதிலதான் எழுதி வெச்சிருந்தாரு. கடை பூட்டக்குள்ள அவர் இலக்கத்தச் சொல்லிக் கூப்புடுவாரு. நான் பலகையச் சரிச்சிக் குடுத்து, இந்தா வாப்பா எண்டு சொல்லணும். சொல்லாட்டி வாங்க மாட்டாரு. ஏழு பலகையும் போட்டு முடிஞ்சாத்தான் ஊட்டுக்குப் போவம்."

தமிழ்ச் சொல்லை அரபு எழுத்தில் எழுதுவதை அரபுத்தமிழ் என்போம். எங்கள் மூத்தவர்கள் பலருக்குக் கைவந்தது அந்த எழுத்துத்தான். நான் பையை நீட்டினேன். அவள் வாங்கவில்லை.

"எரிக்கல்லதானே?"

"இல்ல."

"அப்ப இரிக்கி. செய்ங்க காக்கா."

என்னை ஏசியிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும்.

பையைக் கொட்டிப் பிரிக்க ஒரு முழு நாள் போனது. சுபைதா ராத்தா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கதிரையை விட்டு எழுந்து வந்து, என்னோடு மேசையில் உட்கார்ந்தார். வேறு பலகைகளின் சீவலும் அதில் கலந்து கிடந்தது. தேக்கின் வாசத்தையும் தாரின் கறுப்பையும் வைத்துப் பன்னிரண்டு சுருளைப் பொறுக்கினோம். சுருண்ட சீவலை அப்படியே விரித்தால் முறியும். வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணிக்குள் வைத்து, அது தானாக இளகும் வரைக்கும் பொறுத்திருக்க வேண்டும். இளகியதும் இரண்டு கண்ணாடித் தட்டுக்கு நடுவில் பரத்தி, மேலே ஆணிப்பெட்டியைப் பாரமாக வைத்தேன். மூன்று நாள் தொடவில்லை.

அதற்கிடையில் பெட்டியைச் செய்தேன். மூலைகளில் ஆணி அடிக்கவில்லை; இரண்டு கை விரல்களைக் கோத்ததுபோலப் பல்லு வெட்டிப் பொருத்தினேன். நாலு பக்கத்தையும் மேல் பலகையையும் அடிப் பலகையையும் சேர்த்து, திறக்கவே முடியாத முழுப்பெட்டியாக ஒட்டி, காய்ந்த பிறகுதான் சுற்றிவர வாளை ஓட்டி மூடியைப் பிரித்தெடுத்தேன். அப்படிச் செய்தால்தான் மரத்தின் ரேகை மூடியிலிருந்து பெட்டிக்கு முறியாமல் ஓடும். உள்பக்கத்தை மெருகுத்தாளால் மூன்று தரம் தேய்த்தேன். யாருடைய கை உள்ளே போகும் என்று எனக்குத் தெரியும்.

நாலாம் நாள் சீவலை எடுத்து, மூடியின் உள்பக்கத்தில் ஒவ்வொன்றாகப் பொருத்தி, வெள்ளைப் பசையை மெல்லிதாகத் தடவி ஒட்டினேன். வெளியே ஒட்டினால் கை பட்டுத் தேயும் என்று ராத்தாதான் உள்ளே ஒட்டச் சொன்னார். எழுத்து வரிவரியாகக் கூடி வந்தது. ஓரிடத்தில் மட்டும் நெல்மணி அளவு ஓட்டை. அந்தத் துண்டு எங்கள் கையில் அகப்படவேயில்லை. நான் ஈர்க்குக் குச்சியில் தாரைத் தொட்டு எடுத்தேன்.

ராத்தா என் கையைத் தடுத்தார். "நீங்க எழுதினா அது உங்கட எழுத்து. விடுங்க."

விட்டேன். பிறகு அவர் பெட்டிக்குள் கையை விட்டு, அடியைத் தடவி, மூலைகளைத் தடவி, கையை வெளியே எடுத்தார். கையை என்னிடம் நீட்டவில்லை. அந்தப் பட்டறையில் எனக்குக் கிடைத்த சான்றிதழ் அதுதான். ராத்தா மவுத்தாகி மூன்று வருடம். அந்தப் பையும், திருப்பிச் சொல்லுங்க என்ற அந்தச் சொல்லும், என்னை என் பிழையோடு அந்த வீட்டு வாசலுக்கு அனுப்பிய அந்த நெஞ்சும் இல்லையென்றால் நான் வெறும் ஓடாவியாகவே ஓய்வு பெற்றிருப்பேன். அல்லாஹ் அவருடைய கப்றை விசாலமாக்கட்டும்.

பெட்டியை நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். நபீசா பேரனை மடியில் வைத்துக்கொண்டு பாயில் இருந்தாள். பெட்டியை முன்னால் வைத்ததும் சுற்றிவரப் பார்த்தாள். மூடியின் மேலே ஒன்றும் இல்லை. என்னைப் பார்த்தாள்.

"திறங்க தங்கச்சி."

திறந்தாள். எழுத்தின் மேல் விரல் படாமல், காற்றில் வலமிருந்து இடமாகக் கொண்டுபோனாள்.

நானும் ராத்தாவும் அதை ஏற்கெனவே வாசித்திருந்தோம். அரபுத்தமிழில் ழகரத்துக்குத் தனி எழுத்து உண்டு. மீராசா அதைப் போடவில்லை. எங்கள் ஊர் வாயில் எப்படி வருமோ அப்படியே, ளகரத்தைப் போட்டு எழுதியிருந்தார்.

"ஏளு" என்று வாசித்தாள் நபீசா. பிறகு கொஞ்சம் உரக்க, கடை வாசலில் நின்று கூப்பிடுவது போல, இன்னொரு தரம் சொன்னாள். "ஏளு!"

பிள்ளை திடுக்கிட்டுக் கண் விழித்தது. அவள் அவனைத் தோளில் சாய்த்துக்கொண்டு, திறந்த மூடியைப் பார்த்தபடி மெதுவாகச் சொன்னாள்.

"இந்தா வாப்பா."